பழைய ஜல்லியின் தாகம்

இடிபாட்டுக் கழிவைக் கையாளும் பயிற்சிக்கு வந்திருந்த பொறியாளர்களிடம் இன்று இரண்டு ஜல்லிகளைக் கொடுத்தேன். ஒன்று குவாரிக் கல். மற்றது பழைய கான்கிரீட்டை உடைத்து எடுத்தது. பழைய சாந்து செதிள் செதிளாக அதன்மேல் ஒட்டியிருந்தது. தண்ணீர் ஊற்றச் சொன்னேன். குவாரிக் கல்லில் வழிந்தோடியது. பழையது குடித்துவிட்டது! முன்னது பெரும்பாலும் தன் எடையில் 2 சதவீதத்துக்குள்தான் நீரை உறிஞ்சும். பின்னது 5 சதவீதத்தையும் தாண்டக்கூடும். முன்கூட்டியே நனைக்காமல் கலவையில் போட்டால், சிமென்டுக்குப் போக வேண்டிய தண்ணீரை இதுவே இழுத்துக்கொள்ளும். மறுசுழற்சி ஜல்லியைத் தரமற்றது என்று ஒதுக்குபவர்களில் பலர் இந்த ஒரு படியைத் தவறவிட்டவர்கள் என்றே நினைக்கிறேன்.

ஆனால் வேலை இடிப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று அறை அறையாக நடந்து கணக்கெடுக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை முதலில், அதற்கெனப் பயிற்சி பெற்றவர்கள் கையால், நனைத்து, உடையாமல் இறங்க வேண்டும். அதன் இழை நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டுகள் கழித்துக்கூடப் புற்றுநோயாகத் தலைகாட்டும். ஜிப்சம் பலகைகளையும் தனியே கழற்ற வேண்டும். கான்கிரீட்டோடு சேர்ந்து நொறுங்கினால் ஜிப்சத்தில் உள்ள சல்பேட் என்ற உப்பு, அந்த ஜல்லியில் செய்யும் புதிய கான்கிரீட்டை உப்பி வெடிக்க வைக்கும். கம்பியைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை, அதன் மதிப்பு எல்லோருக்கும் தெரியும்.

முடிவில் ஓர் இளம் பொறியாளர், "எங்கள் இயந்திர ஓட்டுநர்களையும் அழைத்து வரலாமா?" என்று கேட்டார். மனம் நிறைந்துவிட்டது. எதை எந்தக் குவியலில் போடுவது என்பது அவர்கள் கையில்தானே இருக்கிறது! நாளைக்குக் கூடுதல் நாற்காலிகள் போடச் சொல்லியிருக்கிறேன்.