பாஸ்பேட் ஒட்டினால் 'ஆன்' என்று யார் சொன்னது?

பாடப்புத்தகப் படங்களில் பாஸ்பரிலேற்றம் (புரதத்தில் பாஸ்பேட்டை ஒட்டுவது) என்றாலே ஒரே காட்சிதான். ஒரு புரதம் சும்மா கிடக்கும், கைனேஸ் என்ற நொதி வந்து அதன் மேல் பாஸ்பேட்டைக் குறிக்கும் ஒரு மஞ்சள் வட்டத்தை ஒட்டும், உடனே ஸ்விட்ச் போட்ட மாதிரி புரதம் வேலையைத் தொடங்கிவிடும். பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும், இது பாதிக் கதைதான் என்பதால்.

வேதியியல் சின்னதுதான், முதலில் அதை முடித்துவிடுவோம். செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியில் மூன்று பாஸ்பேட்டுகள் வரிசையாக இருக்கின்றன. கைனேஸ் கடைசியில் இருப்பதைக் கழற்றி, புரதத்தில் உள்ள செரின், த்ரியோனின் அல்லது டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் ஹைட்ராக்சில் (OH) முனையில் மாட்டுகிறது. அவ்வளவுதான். ஆனால் அந்தத் துணுக்கு எதிர்மின்னூட்டத்தைச் சுமந்துகொண்டு வருவதால் பக்கத்தில் இருக்கும் சில அமினோ அமிலங்கள் அதை நோக்கி இழுபடுகின்றன, சில விலகுகின்றன, புரதத்தின் மடிப்பே கொஞ்சம் நகர்கிறது. நகர்ந்த பிறகு அது ஓடுமா, நிற்குமா, வேறொரு புரதத்தோடு போய்ச் சேருமா என்பதெல்லாம் அந்தந்தப் புரதத்தின் பாடு. பாஸ்பேட்டுக்கு அதில் சொந்தக் கருத்து எதுவும் கிடையாது.

1950களின் நடுவில் சியாட்டிலில் எட்வின் கிரெப்ஸும் எட்மண்ட் ஃபிஷரும் தசையிலிருந்து, அங்கே சேமித்து வைக்கப்படும் சர்க்கரையான கிளைக்கோஜனை உடைக்கும் கிளைக்கோஜன் பாஸ்பாரிலேஸ் என்ற நொதியைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சாற்றை வடிதாளில் வடித்தால் அந்த நொதியின் செயல்படும் வடிவம் கிடைத்தது, வடிதாள் இல்லாமல் செய்தால் கிடைக்கவில்லை. விசாரித்துப் பார்த்ததில், தாளில் ஒட்டியிருந்த கால்சியம் சாற்றுக்குள் இறங்கி அங்கிருந்த கைனேஸைத் தூண்டிவிட்டிருக்கிறது! (வடிதாள் சுத்தமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அடிக்கடி யோசிப்பேன்.) இருவருக்கும் 1992இல் நோபல் கிடைத்தது. இங்கே பாஸ்பேட் ஏறினால் நொதி ஓடுகிறது என்பது உண்மைதான், 'ஆன்' கதை நிலைத்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆனால் அதே தசையில் இன்னொரு பக்கம் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அட்ரினலின் வந்து சேர்ந்ததும் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற தூது மூலக்கூறு ஏறி, புரதக் கைனேஸ் ஏ கிளம்புகிறது. அது பாஸ்பாரிலேஸ் கைனேஸுக்கு பாஸ்பேட் மாட்ட, அந்தக் கைனேஸ் பாஸ்பாரிலேஸின் 14ஆம் இடத்துச் செரினில் மாட்ட, கிளைக்கோஜன் உடைய ஆரம்பிக்கிறது. சரி, கிளைக்கோஜனைக் கட்டுகிற நொதியும் கூடவே ஓடிக்கொண்டிருந்தால் உடைத்து என்ன பயன்? அதனால் அதே கைனேஸ் ஏ கிளைக்கோஜன் சிந்தேஸுக்கும் பாஸ்பேட் மாட்டுகிறது, அது அடங்கிவிடுகிறது. ஒரே உத்தரவில் ஒன்று ஓடுகிறது, இன்னொன்று நிற்கிறது.

இதைவிட எனக்குப் பிடித்தது சார்க் என்ற கைனேஸ். கோழியின் சார்க்கில் 416ஆம் டைரோசினில் பாஸ்பேட் ஏறினால் வேகம் கூடும், வால் பகுதியில் இருக்கும் 527ஆம் டைரோசினில் ஏறினால் அந்த வால் மடிந்து, தன் உடம்பையே பிடித்துக்கொண்டு நொதி முடங்கிவிடும். கோழிகளுக்குப் புற்றுநோய் தரும் ரவுஸ் சார்கோமா வைரஸ் வைத்திருக்கும் சார்க்கில் அந்த வாலே இல்லை, அதனால் அடக்க வழியில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. பாஸ்பேட்டைக் கழற்றும் பாஸ்பட்டேஸ்களையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும்: 527இல் இருப்பதை ஒரு பாஸ்பட்டேஸ் கழற்றினால் சார்க் எழுந்துகொள்கிறது. கழற்றினால் 'ஆன்'!

மனித மரபணுத் தொகுப்பில் 500க்கும் மேற்பட்ட கைனேஸ்கள் உண்டு. எல்லாமே ஏடிபியைப் பிடிக்க வேண்டியிருப்பதால், ஓடும் நிலையில் அவற்றின் ஏடிபி பிடிக்கும் குழி ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ஒன்றை மட்டும் தடுக்கும் மருந்து செய்வது அதனால்தான் பெரிய தலைவலி. 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமாடினிப், நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயில் தறிகெட்டு ஓடும் பிசிஆர்-ஏபிஎல் கைனேஸை அதன் முடங்கிய வடிவத்தில் பிடித்து வைக்கிறது. முடங்கிய நிலையில் கைனேஸ்களின் வடிவங்கள் ஒன்றுக்கொன்று அதிகம் வேறுபடும். இருந்தாலும் பிசிஆர்-ஏபிஎல்லின் 315ஆம் இடத்தில் த்ரியோனினுக்குப் பதில் ஐசோலூசின் வந்துவிட்டால் இமாடினிப் பிடிக்காது. பொனாடினிப் போன்ற மருந்துகள் அப்படித்தான் தேவைப்பட்டன.