கேட் தேர்வில் சி மொழி: முதலில் மேக்ரோவைத் தாளில் விரியுங்கள்

பொறியியல் முதுநிலைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான கேட் (GATE) கணினி அறிவியல் முடிவு வந்துவிட்டது. நினைத்ததைவிட நல்ல மதிப்பெண். பல மாதங்களாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிய நிம்மதியில் எழுதுகிறேன். எந்தப் பாடத்துக்கு எத்தனை மாதம், எந்தப் புத்தகம் என்பதையெல்லாம் சொல்லப் பலர் இருக்கிறார்கள். எனக்குக் கைகொடுத்தது சி மொழிப் பகுதி. அதிலும் மேக்ரோவும் (ஒரு பெயருக்குப் பதிலாக நிரல் துண்டை ஒட்டும் வசதி) லூப்பும் (ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது). அதை மட்டும் சொல்கிறேன்.

நிரலை ஒழுங்காக எழுதச் சொல்லும் விதிகளைத் தேர்வுக்குத் தேவையில்லாதவை என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எந்த விதியை மீறினால் விடை மாறுமோ, அதை மீறித்தான் 'வெளியீடு என்ன' என்று கேட்கிறார்கள். விதி கையில் படிந்திருந்தால் பொறி எங்கே இருக்கிறது என்று கண் தானாகப் பிடித்துவிடும்.

மேக்ரோவை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பைலருக்கு முன் மேக்ரோவை விரிக்கும் ப்ரீபிராசஸருக்குக் கணக்குத் தெரியாது. கொடுத்ததை அப்படியே ஒட்டும். சதுரம்(அ) என்பதற்கு அ*அ என்று மட்டும் எழுதியிருந்தால், சதுரம்(2+3) என்பது 2+3*2+3 என்று விரியும். விடை 25 அல்ல, 11. ஒவ்வொரு அ-வுக்கும் அடைப்புக்குறி போட்டு (அ)*(அ) ஆக்கினாலும் போதாது. 100/சதுரம்(5) என்பது 100/(5)*(5) ஆகி, 4 வரவேண்டிய இடத்தில் 100 வரும். முழுவதையும் சுற்றி இன்னோர் அடைப்புக்குறி வேண்டும். இதை மனத்துக்குள் செய்யாதீர்கள். தாளில் முழு வரியையும் விரித்து எழுதிவிட்டு, பிறகு கணக்குப் போடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடைப்புக்குறி காப்பாற்றாத இடமும் உண்டு. பெரியது(அ,ஆ) என்பதை ((அ)>(ஆ)?(அ):(ஆ)) என்று சரியாகவே எழுதியிருக்கிறார்கள்; அ பெரியதானால் அ, இல்லையென்றால் ஆ என்று பொருள். ப++ என்றால் ப-இன் மதிப்பைப் பயன்படுத்திவிட்டு ஒன்று கூட்டுவது. ப=5, ம=3 இருக்கும்போது பெரியது(ப++, ம++) என்று அழைத்தால் விடை 6; முடிவில் ப=7, ம=4. ஒப்பிடும்போது ஒரு முறை, விடை தரும்போது இன்னொரு முறை என்று ப இரண்டு தடவை கூடுகிறது. ஆனால் சதுரம்(ப++) என்று வந்தால் சி மொழியின் தரவிதிப்படி அதற்கு உறுதியான விடையே கிடையாது. அங்கே எண்ணைத் தேடி நேரத்தைக் கொடுக்காதீர்கள்.

பல கட்டளைகள் உள்ள மேக்ரோவை, ஒரே முறை ஓடும் லூப்பான டூ-வைல்(0)-க்குள் அடைப்பது ஏன் என்று கேட்டால், இஃப்-எல்ஸ் நடுவில் அதை வைத்துப் பாருங்கள். வெறும் நெளிவு அடைப்புக்குறி என்றால், பின்னால் வரும் அரைப்புள்ளி இஃப்-ஐ அங்கேயே முடித்துவிடும். எல்ஸ் அனாதையாக நிற்கும், கம்பைலர் பிழை காட்டும்.

லூப்புக்கு நான் பார்ப்பவை:

- ஃபார் வரியின் கடைசியில் அரைப்புள்ளி இருக்கிறதா? இருந்தால் கீழே இருப்பது ஒரே ஒரு முறைதான் ஓடும்.
- கன்டினியூ (அந்தச் சுற்றின் மிச்சத்தைத் தாண்டும் கட்டளை): ஃபாரில் அது கூட்டும் பகுதிக்குப் போகும், வைலில் நேராக நிபந்தனைக்குப் போகும். வைலில் கூட்டல் அதற்குக் கீழே இருந்தால் முடிவே இல்லாமல் சுற்றலாம்.
- அன்சைன்ட் (குறை எண் இல்லாத) மாறியை 0 வரை இறக்கி, நிபந்தனை >=0 என்றிருந்தால் லூப் நிற்காது. 32 பிட்டில் 0-க்கு அடுத்து 4294967295.
- 1-இல் தொடங்கி, 100-ஐவிடக் குறைவாக இருக்கும்வரை இரட்டிப்பாகும் லூப் 7 முறை ஓடும். வெளியே வரும்போது மாறி 128. எத்தனை முறை, கடைசி மதிப்பு என்ன என்று இரண்டையும் எப்போதும் குறித்துவையுங்கள்.

பயிற்சியின்போது கம்பைலரைக் கடைசியில்தான் திறப்பேன். விடையைத் தாளில் எழுதி, காரணத்தையும் பக்கத்தில் எழுதிய பிறகே ஓட்டிப் பார்ப்பது. வேகமாகப் போக விரும்புகிறவர்களுக்கு இது பிடிக்காது. நான் நிதானக்காரன், எனக்கு இதுதான் ஒத்துவந்தது.

பல கேள்விகளில் எண்ணை நாமே நிரப்ப வேண்டும். அங்கே தவறுக்கு மதிப்பெண் குறையாது. ஆகவே எதையும் காலியாக விடாதீர்கள். ஒரே விடையைத் தேர்ந்தெடுக்கும் இரண்டு மதிப்பெண் கேள்வி தவறினால் ஒரு மதிப்பெண்ணில் மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவிடும். விரித்து எழுதாத மேக்ரோவுக்கு அங்கே விடை குறிக்காதீர்கள்.