ஊட்டுநீரின் சூடும் பம்பின் முனகலும்

கொதிகலன் கூடத்துக்குள் நுழைகிறவர்களின் பார்வை பெரும்பாலும் பர்னரின் சுடரிலும் அழுத்தமானியின் முள்ளிலுமே நிலைக்கும். நான் முதலில் போய் நிற்பது, கொதிகலனுக்குள் போகவிருக்கும் நீரை வைத்திருக்கும் ஊட்டுநீர்த் தொட்டியின் அருகில். இந்தப் பழக்கம் ஓர் ஆலையில் பட்ட அனுபவத்தால் வந்தது.

மணிக்கு 4 டன் நீராவி தரும், (காற்றுமண்டல அழுத்தத்துக்கு மேல்) 10 பார் அழுத்தத்தில் இயங்கும் கொதிகலன் அது. எரிபொருள் ஏன் இவ்வளவு செலவாகிறது என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டிருந்தார்கள். வெப்பக்காப்பு எதுவும் சுற்றப்படாத அந்தத் தொட்டியின் மேல்விளிம்பை ஒட்டிக் கையை வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன். சற்றுச் சற்றாகக் கீழே தொட்டுக்கொண்டே வந்தபோது சூடு தணிந்துகொண்டே வந்து, அடிப்பகுதியில் குளிப்பதற்கு விளாவிய வெந்நீர் அளவுக்கே இருந்தது. பம்புக்குச் செல்லும் குழாய் புறப்படுவது அந்த அடிப்பகுதியிலிருந்துதான். அங்கே வெப்பமானி காட்டியது 45 டிகிரி. மேலே மிதந்த 90 டிகிரி நீரோ, வழிந்தோடும் குழாய் வழியாக ஆவி பறக்கச் சாக்கடையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

காரணம் எளியது. நீராவி தன் வேலையை முடித்துக் குளிர்ந்து திரும்பும் கண்டன்சேட் நீர் தொட்டியின் மேற்பரப்பில் கொட்டியது. புதிதாகச் சேரும் பச்சைத்தண்ணீர் அடியில் நுழைந்தது. வெந்நீர் இலேசானது, குளிர்ந்த நீர் கனமானது என்பதால் இரண்டும் கலக்காமல் அடுக்கடுக்காக நின்றன. போதாக்குறைக்கு, பச்சைத்தண்ணீரைத் திறந்து மூடும் மிதவை வால்வைத் தொட்டி எப்போதும் நிரம்பியிருக்கும்படி உயரத்தில் அமைத்திருந்தார்கள். ஆகவே, திரும்பி வரும் கண்டன்சேட்டுக்குத் தொட்டியில் இடமே இல்லை, வந்ததெல்லாம் வழிந்தது. வீட்டில் விருந்தாளிக்கு இடமில்லாதபடி முன்கூட்டியே பாயை விரித்துத் தாமே படுத்துக்கொண்ட கதைதான்.

மிதவையைக் கீழே இறக்கினோம். கண்டன்சேட் குழாயை நீருக்குள் மூழ்கும்படி நீட்டி, அதன் நெடுகிலும் துளைகள் இட்டோம். பச்சைத்தண்ணீரை மேலிருந்து தூவும்படி மாற்றினோம். முன்பு கூரைக்கு மேலே வெண்புகையாக எழுந்துகொண்டிருந்த ஆவி இப்போது நீருக்குள்ளேயே ஒடுங்கியது. அந்த ஆவி சாதாரணமானதன்று: 10 பார் அழுத்தத்தில் 184 டிகிரியில் இருக்கும் கண்டன்சேட்டைத் திறந்த தொட்டியில் விட்டால், அதில் நூற்றுக்குப் பதினாறு பங்கு உடனே மீண்டும் ஆவியாகிவிடும். கண்டன்சேட்டைப் பிடித்துக்கொண்டு அந்த ஆவியைக் கோட்டைவிடுவது பாதி வேலைதான். இவ்வளவும் முடிந்தபோது பம்பின் வாயில் நீர் 85 டிகிரியில் நின்றது.

இதனால் கிடைத்த ஆதாயத்தை யாரும் தாளில் போட்டுப் பார்க்கலாம். 10 பார் நீராவியின் ஒவ்வொரு கிலோவிலும் ஏறத்தாழ 2,780 கிலோஜூல் வெப்பம் இருக்கிறது. 45 டிகிரி நீர் 188 கிலோஜூலோடு வருகிறது. 85 டிகிரி நீர் 356 கிலோஜூலோடு வருகிறது. எனவே கொதிகலன் தரவேண்டிய வெப்பம் 2,592-இலிருந்து 2,424 கிலோஜூலாகக் குறைகிறது; ஆறரை சதவீதம் மிச்சம். ஊட்டுநீரின் வெப்பநிலை ஒவ்வோர் 6 டிகிரி உயரும்போதும் எரிபொருளில் ஒரு சதவீதம் குறையும் என்று கொதிகலன்காரர்கள் வாய்ப்பாடுபோலச் சொல்வது இந்தக் கணக்கிலிருந்து வந்ததே.

ஆனால் அந்த வாய்ப்பாடு ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். நீரைச் சூடாக்கும் வெப்பம் வீணாகப் போகவிருந்த வெப்பமாக இருக்கவேண்டும். கொதிகலனிலிருந்தே புது நீராவியை எடுத்துத் தொட்டிக்குள் விட்டு 45 டிகிரியை 85 ஆக்கிவிட்டு, ஆறரை சதவீதம் மிச்சப்படுத்திவிட்டதாக அறிக்கை எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். வலது சட்டைப்பையிலிருந்து எடுத்து இடது சட்டைப்பையில் போட்டுவிட்டு வருமானம் என்று எழுதுவது போன்றது அது. 1858-இல் பிரான்சு நாட்டு ஹென்றி கிஃபார்ட் உருவாக்கிய இன்ஜெக்டரின் நிலையும் இதுவே. அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லாமல், நீராவியின் வேகத்தைக் கொண்டே அதே கொதிகலனுக்குள் நீரைத் தள்ளிய அந்தச் சாதனம் இன்றும் எனக்கு வியப்பூட்டுவது. அதன் வழியாகச் செல்லும் நீர் சூடாகவே உள்ளே போகும். ஆனால் அந்தச் சூடு கொதிகலனின் சொந்தச் சூடுதான். மேலும், நீராவி குளிர்ந்து ஒடுங்கினால்தான் அது இயங்கும் என்பதால், உள்ளே வரும் நீர் ஏற்கெனவே சூடாக இருந்தால் வேலைநிறுத்தம் செய்துவிடும். அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்னதாக, 1845-இல், எட்வர்ட் கிரீன் காப்புரிமை பெற்ற எகனாமைசரோ புகைபோக்கி வழியே போகும் வெப்பத்தைப் பிடித்து ஊட்டுநீரைச் சூடாக்கியது. ஆகவே அதன் சிக்கனம் மெய்யானது.

மின்நிலையங்களில் டர்பைனின் இடையிலிருந்து நீராவியை உருவி ஊட்டுநீரைச் சூடாக்குகிறார்களே, அதுவும் கொதிகலனின் நீராவிதானே என்று கேட்கலாம். அங்கே கணக்கு வேறு. உருவப்படும் நீராவி அதற்குள் டர்பைனைச் சுழற்றித் தன் வேலையில் ஒரு பகுதியைச் செய்து முடித்திருக்கும்; மேற்கொண்டு போகவிட்டால் அதன் மீதி வெப்பத்தில் பெரும்பகுதி, நீராவியைக் குளிர்வித்து நீராக்கும் கண்டன்சரின் குளிர்நீரோடு கழிந்துவிடும். அந்த வெப்பத்தை ஊட்டுநீருக்குத் திருப்புவதே ஆதாயம். வெறும் சூடாக்கலுக்கு நீராவி பயன்படுத்தும் ஆலையில் அப்படி எதுவும் இல்லை.

அப்படியானால் தொட்டிக்குப் புது நீராவி விடவே கூடாதா? விடலாம், காரணம் வேறாக இருக்கவேண்டும். 45 டிகிரி நீரில் லிட்டருக்கு 6 மில்லிகிராம் அளவுக்கு, கொதிகலனின் இரும்பை அரிக்கும் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 93 டிகிரிக்கு ஏற்றினால் அது இரண்டுக்கும் கீழே இறங்கிவிடும். மிஞ்சும் ஒவ்வொரு மில்லிகிராம் ஆக்சிஜனையும் அழிக்க ஏறக்குறைய 8 மில்லிகிராம் சோடியம் சல்பைட்டு தேவை. அந்த உப்பு கொதிகலன் நீரிலேயே தங்குவதால், அதை வெளியேற்றப் புளோடவுன், அதாவது கொதிகலன் நீரில் ஒரு பகுதியைத் திறந்துவிடுவது, கூடும். புளோடவுனோடு சூடும் போகும். இந்தச் சங்கிலியை அறுப்பதற்காக 85-இலிருந்து 93 வரை, வெப்பநிலைக் கட்டுப்பாட்டு வால்வு ஒன்றின் வழியாகச் சிறிதளவு புது நீராவி விட ஏற்பாடு செய்தோம். அந்த எட்டு டிகிரியை எரிபொருள் மிச்சக் கணக்கில் நான் சேர்க்கவில்லை.

பம்பு கத்தத் தொடங்கியது அன்று மாலைதான். உள்ளே சரளைக்கல்லைப் போட்டு அரைப்பது போன்ற சத்தம். பணியில் இருந்த ஆபரேட்டர் அனுபவசாலி. அவர் சற்றும் பதறாமல் பச்சைத்தண்ணீர் வால்வைத் திறந்துவிட்டார். ஐந்து நிமிடத்தில் சத்தம் அடங்கியது. “தண்ணி ரொம்பச் சுட்டா இது இப்படித்தான் சார் கத்தும், கொஞ்சம் ஆத்திவிட்டா சரியாப் போயிடும்” என்றார். நாங்கள் நாளெல்லாம் சேர்த்த சூட்டை அவர் ஒரு கைத்திருப்பில் ஆற்றிவிட்டார். அவர்மீது குற்றமில்லை, பம்பைக் காப்பாற்ற அவருக்குத் தெரிந்த ஒரே வழி அது.

பம்பு நீரை இழுக்கிறது என்பது பேச்சுவழக்கு. உண்மையில் காற்றுமண்டல அழுத்தமும் தொட்டியின் உயரமும் சேர்ந்து நீரைப் பம்புக்குள் தள்ளுகின்றன. நீர் ஆவியாக மாறத் துடிக்கும் அழுத்தம் அதை எதிர்க்கிறது. குளிர்ந்த நீரில் அந்த எதிர்ப்பு ஒரு பொருட்டல்ல. 85 டிகிரியில் அது 0.58 பார், காற்றுமண்டலத்தின் 1.01 பாரில் அதைக் கழித்தால், ஏறத்தாழ நாலரை மீட்டர் நீருயரத்துக்குச் சமமான அழுத்தமே மிஞ்சும். 95 டிகிரியில் மிஞ்சுவது இரண்டு மீட்டருக்கும் குறைவு. 100 டிகிரியில் எதுவும் மிஞ்சாது; தொட்டியின் உயரம் ஒன்றே துணை. எங்கள் நீர் இருந்ததோ 93 டிகிரியில்; அங்கே பம்பின் மட்டத்திலிருந்து நீர்மட்டம் 1.2 மீட்டர்தான் உயரம். அதிலும் ஒரு பகுதியை ஒடுக்கமான குழாயும், மூன்று வளைவுகளும், எப்போது கழுவினார்கள் என்று தெரியாத வடிகட்டியும் தின்றுகொண்டிருந்தன. பம்பு கேட்டதோ 4 மீட்டர். கிடைக்காதபோது அதன் வாயிலேயே நீர் கொதித்துக் குமிழியாகி, உள்ளே அழுத்தம் கூடிய இடத்தில் அந்தக் குமிழிகள் நொறுங்கின. சரளைக்கல் சத்தம் அதுதான். பிறகு பம்பைப் பிரித்து, உள்ளே சுழலும் சக்கரமான இம்பெல்லரைக் கையில் எடுத்துப் பார்த்தபோது, சிறகுகளின் முன்விளிம்பு அம்மைத் தழும்பு விழுந்த முகம்போலக் குழிகுழியாக இருந்தது. சில குழிகளில் தீக்குச்சித் தலையை வைக்கலாம்.

தொட்டியை இரும்புச் சட்டத்தின்மேல் ஏற்றினோம். நீர்மட்டம் பம்புக்கு மேல் 4 மீட்டர் உயரத்துக்குப் போனது. உறிஞ்சு குழாயை இரண்டு அளவு பெரிதாக்கி, வளைவுகளில் ஒன்றைமட்டும் விட்டுவைத்தோம். நீரில் கரைந்த காற்றை நீக்கும் டீஏரேட்டரைக் கட்டடத்தின் உச்சியில் வைப்பதும் இதே காரணத்தால்தான்: காற்றுமண்டல அழுத்தத்துக்கு மேல் 0.2 பார் அழுத்தத்தில் 105 டிகிரியில் கொதிநிலையிலேயே இருக்கும் அந்த நீருக்கு உயரத்தைத் தவிர வேறு தள்ளுவிசை கிடையாது.

சூடான நீரை ஒழுங்காகப் பம்புக்குக் கொண்டுவந்த பிறகு ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. அதுவரை பம்பு ஓடத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் அழுத்தமானியின் முள் 10-இலிருந்து எட்டரைக்குச் சரியும். பர்னர் முழு மூச்சில் எரியும். பம்பு நின்றதும் அழுத்தம் எகிறிப் பர்னர் அணையும். மறுபடி பற்றவைக்கும் முன் விசிறி உலைக்குள் குளிர்காற்றை ஊதி வெப்பத்தை வெளியேற்றும். பர்னர் சிறிது என்று சொல்லிப் புதியது வாங்கும் யோசனையில் இருந்தார்கள். பம்பை மாற்றாமல் நீரை மட்டும் 93 டிகிரிக்கு ஏற்றியதும், அந்தச் சரிவு ஏறக்குறைய மறைந்தேவிட்டது.

இதற்கும் கணக்கு உண்டு. ஓடி ஓடி நிற்கும் அந்தப் பம்பு, ஓடும்போது மணிக்கு 6 டன் நீரைத் தள்ளியது. 6 டன் நீரை 45-இலிருந்து 184 டிகிரிக்குக் கொண்டுவர 3,560 மெகாஜூலும், 4 டன் நீராவியாக்க 8,000 மெகாஜூலும் ஆக, மணிக்கு 11,560 மெகாஜூல் தேவை. 45 டிகிரி நீரிலிருந்து மணிக்கு 4 டன் நீராவி எடுக்கப் போதுமான பர்னர் கொதிகலனுக்குத் தருவதோ 10,370 மெகாஜூல்தான். பற்றாக்குறையை அழுத்தம் ஈடுகட்டியாக வேண்டும். 93 டிகிரி நீருக்கு முதல் தொகை 2,350 மெகாஜூலாகக் குறைந்து, மொத்தம் 10,350 ஆகிறது; பர்னருக்குச் சரியாகப் பொருந்திவிடுகிறது. புதுப் பர்னர் வேண்டியிருக்கவில்லை. நீரைச் சூடாக்குவது ஒரு துறை, நீரைச் செலுத்துவது இன்னொரு துறை என்று பிரித்துப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லாமல் போனது இந்தக் கணக்கைப் போட்ட அன்றுதான்.

அடுத்த ஆண்டு எகனாமைசர் பொருத்தினார்கள். புகைவாயுவின் வெப்பநிலை ஏறத்தாழ ஒவ்வொரு 20 டிகிரி குறையும்போதும் ஒரு சதவீதம் ஆதாயம் என்பது பொதுக் கணக்கு. கந்தகம் கலந்த எண்ணெயை எரிக்கும் இடத்தில் எகனாமைசருக்குள் குளிர்ந்த நீரை விடக்கூடாது. குழாயின் உலோகம் ஏறத்தாழ உள்ளே ஓடும் நீரின் சூட்டிலேயே இருப்பதால், புகையில் உள்ள கந்தக அமிலம் வியர்வைபோல அதன்மேல் படிந்து அரித்துவிடும். இயற்கை எரிவாயுவில் அந்தத் தொல்லை குறைவு. அங்கே புகையிலுள்ள நீராவியையே குளிர்வித்து, அதன் மறைவெப்பத்தையும் பிடிக்கமுடியும்; அதற்குக் குளிர்ந்த நீர்தான் வேண்டும்.

இந்த ஆலையில் வந்த சிக்கல் வேறு. பம்பு நின்றிருக்கும் வேளையில் எகனாமைசருக்குள் தேங்கிய நீர் கொதித்து, பம்பு மீண்டும் ஓடியதும் சம்மட்டியால் அடிப்பது போலக் குழாய்கள் அதிர்ந்தன. ஓடி நிற்கும் ஊட்டு முறையோடு எகனாமைசர் ஒத்துப்போகாது. நீர் இடைவிடாமல் ஓடவேண்டும். ஆகவே பம்பைத் தொடர்ந்து ஓடவிட்டு, நீர்மட்டத்துக்கு ஏற்பக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து மூடும் கட்டுப்பாட்டு வால்வைப் பொருத்தினோம். நீராவித் தேவை திடீரென்று ஏறும்போது, அழுத்தம் குறைந்து குமிழிகள் பருத்து, நீர்மட்டம் உயர்ந்ததுபோலப் பொய்த்தோற்றம் காட்டும். மட்டத்தை மட்டும் நம்பும் வால்வு அந்த நேரம் பார்த்து நீரைக் குறைத்துவிடும். பெரிய கொதிகலன்களில் நீராவியின் ஓட்டத்தையும் ஊட்டுநீரின் ஓட்டத்தையும் சேர்த்து அளந்து இதைத் தவிர்க்கிறார்கள். எங்கள் தேவை அவ்வளவு முரட்டுத்தனமாக ஏறி இறங்கவில்லை என்பதால் மட்டத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

வால்வு மிகவும் ஒடுங்கியிருக்கும் இரவு நேரத்தில் மட்டும் பம்பு மறுபடி முனகியது. தொட்டி உயரமாக இருந்தது, வடிகட்டி சுத்தமாக இருந்தது. இரண்டு நாள் எனக்குப் பிடிபடவில்லை. பம்பு வெறுமனே சுழன்று சூடாகாமல் இருக்கச் சிறிதளவு நீரைத் திருப்பி அனுப்பும் குழாயை, இடத்தை மிச்சம் பிடிப்பதாக நினைத்து, தொட்டிக்குக் கொண்டுபோகாமல் பம்பின் உறிஞ்சு குழாயிலேயே இணைத்திருந்தார்கள். அதே நீர் சுற்றிச் சுற்றி வந்து, ஒவ்வொரு சுற்றிலும் சற்றே சூடேறிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் அந்தக் குழாயை நீட்டித் தொட்டிக்குள் விட்டோம். அன்றிரவு பம்பு முனகவில்லை.