யாக்கோபின் கிணற்றடியில்

பரிசுத்த நாட்டுப் பயணம் போகிறவர்களில் பலர் பெத்லகேம், எருசலேம், கலிலேயாக் கடல் ஆகியவற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மேற்குக் கரையில், நாப்லஸ் நகரின் ஓரத்தில் இருக்கும் யாக்கோபின் கிணற்றுக்கு எல்லாக் குழுக்களும் போவதில்லை. எங்கள் பயணத் திட்டத்திலும் அது கடைசி நேரத்தில் சேர்ந்த இடம்தான். ஆனால் தேவனைத் தொழுதுகொள்ளுவது எப்படி என்று இயேசு வாய்திறந்து சொன்னது எருசலேம் ஆலயத்தில் அல்ல, தண்ணீர் மொள்ள வந்த ஒரு சமாரியப் பெண்ணிடம், இந்தக் கிணற்றடியில். அதனால்தான் போயே ஆகவேண்டும் என்று எங்கள் போதகர் பிடிவாதமாக நின்றார்.

அந்தப் பள்ளத்தாக்கே தொழுகையின் பூமி. பழைய சீகேம் இங்கேதான் இருந்தது. கானானுக்குள் வந்த ஆபிராம் கர்த்தருக்கு முதல் பலிபீடம் கட்டியதும், "நானும் என் வீட்டாருமோவென்றால், கர்த்தரையே சேவிப்போம்" என்று முதிர்வயதில் யோசுவா சொன்னதும் இங்கேதான். பேருந்தை விட்டு இறங்கி நிமிர்ந்தால் கெரிசீம் மலை. யூதரைப்போல எருசலேமில் தொழாமல் இந்த மலையிலேயே தொழுத சமாரியர் அதன் மேல் கட்டியிருந்த ஆலயத்தை, இயேசுவின் காலத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே யூத ஆட்சியாளனான யோவான் இர்க்கான் இடித்துப்போட்டான். ஆலயம் போனபின்பும் அவர்கள் தொழுகையை விடவில்லை. எண்ணிக்கையில் சில நூறு பேராகக் குறுகிவிட்ட அந்தச் சமூகம் இன்றும் பஸ்கா ஆடுகளை அதே மலையில்தான் பலியிடுகிறது. "எங்கள் பிதாக்கள் இந்த மலையிலே தொழுதுகொண்டுவந்தார்கள்" என்று அந்தப் பெண் சொன்னபோது, தலையைத் திருப்பினாலே தெரிகிற மலையைத்தான் காட்டியிருக்கிறாள்.

கிணற்றின் மேல் இப்போது கிரேக்க ஆர்த்தடாக்ஸ் ஆலயம் நிற்கிறது. நான்காம் நூற்றாண்டிலேயே இங்கு ஆலயம் உண்டு. அது அழிந்து, சிலுவைப்போர் காலத்தில் எழுந்த ஆலயமும் அழிந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறுபடி எழுப்பத் தொடங்கிய வேலை முதல் உலகப் போரில் நின்றுபோனது. பல பத்தாண்டுகள் கூரையில்லாத சுவர்களாகவே கிடந்து, இந்த நூற்றாண்டில்தான் வேலை முடிந்தது. இங்கே காவலாக இருந்த பிலூமெனோஸ் என்ற குருவானவர் 1979 நவம்பரில் வெட்டிக் கொல்லப்பட்டார். எருசலேம் திருச்சபை 2009-இல் அவரைப் பரிசுத்தவானாக அறிவித்தது.

பலிபீடத்தின் பக்கத்திலிருந்து குறுகலான படிகள் கீழே இறங்குகின்றன. நிலவறை சின்னது. விளக்குகளும் சொரூபப் படங்களும் சூழ, நடுவே இடுப்பளவு உயரத்தில் கிணற்றின் கல்வாய். அதன் மேல் இரும்பு ராட்டினம், கயிறு, ஒரு சாதாரண வாளி. எங்களுக்கு முன் நின்றவர் ஒரு குவளைத் தண்ணீரைக் கிணற்றுக்குள் ஊற்றினார். நான் மனதுக்குள் எண்ணினேன்: ஒன்று, இரண்டு, மூன்று. அதற்குப் பிறகுதான் அடியிலிருந்து சத்தம் வந்தது. ஏறக்குறைய 40 மீட்டர் ஆழம் என்கிறார்கள். "கிணறும் ஆழமாயிருக்கிறதே" என்ற வசனத்தை எத்தனையோ முறை வாசித்திருந்தும், அந்த "ஆழம்" அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது.

யோவான் சுவிசேஷத்தின் நான்காம் அதிகாரத்தைப் போதகர் வாசித்தார். எந்த மலையில் தொழுவது என்ற அவள் கேள்விக்கு, "எங்கும் பிதாவைத் தொழுதுகொள்ளுங்காலம் வருகிறது" என்று பதில் வருகிறது. அதற்கு அடுத்ததாக ஒன்று வருகிறது. அதை நான் அதுவரை வேகமாகக் கடந்துபோயிருக்கிறேன். ஆவியோடும் உண்மையோடும் தொழுதுகொள்ளுகிறவர்களைப் பிதாவானவர் "விரும்புகிறார்" என்கிறது நம் வேதாகமம். கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் உள்ள சொல் "தேடுகிறார்" என்பது. நாம் தேவனைத் தேடிப் போவதாகத்தான் எல்லா யாத்திரைகளும் தொடங்குகின்றன. இங்கேயோ உச்சிவெயிலில் நடந்து இளைத்துப்போய்க் கிணற்றருகே உட்கார்ந்திருந்தவர் அவர். ஊழியமும் தர்மமும் உபவாசமும் கிறிஸ்தவ வாழ்வில் வேண்டியவைதான், ஆனாலும் பிதா தேடுகிறார் என்று இங்கே இயேசு சொன்னது தொழுதுகொள்ளுகிறவர்களை.

என் சட்டைப்பையில் ஒரு காகிதம் இருந்தது. வீட்டாரும் சபையாரும் கொடுத்தனுப்பிய ஜெபக்குறிப்புகள், மொத்தம் பதினான்கு: வேலை, திருமணம், அறுவை சிகிச்சை, பிள்ளையின் படிப்பு. கிணற்றடியில் வாசிக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். காகிதத்தை எடுத்தேன், பிரித்தும்விட்டேன். அப்போது எங்களோடு வந்த ஒரு வயதான அம்மா, ஒன்றும் கேட்காமல், "ஸ்தோத்திரம், ஆண்டவரே" என்று மட்டும் சொல்லிக் கல்வாயின் விளிம்பில் நெற்றியை வைத்துக்கொண்டார். யாரும் பேசவில்லை. வாளியிலிருந்து சொட்டிய தண்ணீர் உள்ளே விழும் சத்தம் மட்டும் கேட்டது. பரமண்டல ஜெபத்திலும் அன்றன்றுள்ள ஆகாரத்துக்கு முன்னால் "உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக" என்றுதானே வருகிறது? நான் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் குனிந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பின்னால் வந்த குழு படியில் காத்திருந்தது.

அந்தச் சமாரியப் பெண் குடத்தையே வைத்துவிட்டு ஊருக்குள் ஓடினாள். எனக்கு அவ்வளவு வராது. வாளியில் மொண்ட தண்ணீரைக் குடித்தேன், குளிர்ந்திருந்தது. ஒரு சிறு புட்டியிலும் நிரப்பிக்கொண்டேன். பேருந்து எருசலேமை நோக்கிப் புறப்பட்டதும் காகிதத்தை எடுத்து, பதினான்கு பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபித்தேன். ஒன்பதாவது பெயரில் அந்த அம்மா, "இன்னொரு முறை சொல்லுங்க தம்பி, நானும் சேர்ந்துக்கிறேன்" என்றார்.