பனிச்சாலைக்குச் சிங்கப்பூரில் எடுத்த பயிற்சி

சிங்கப்பூரில் மோட்டார்சைக்கிளுக்கான முதல்நிலை உரிமமான 2பி பிரிவின் செய்முறைத் தேர்வில் முதல் முறை நான் தோற்றுப்போனது, குறுகிய பலகைமேல் விழாமல் மெதுவாக ஓட்டிக் கடக்கும் பகுதியில்தான். இரண்டு எழுத்துத் தேர்வுகளிலும் 50 கேள்விகளில் 45க்கு மேல் சரியாகச் செய்திருந்த தெம்பு, பலகையின் பாதியில் முன்சக்கரம் இறங்கியதோடு போய்விட்டது. மறுபடி பயிற்சிக்குச் சென்றபோது பயிற்றுநர் சொன்னது ஒன்றுதான்: "தம்பி, பலகைய பாக்காதீங்க. அதோ, அந்த மரத்த பாருங்க. கிளட்ச் பாதி, பின் பிரேக் லேசா, அவ்வளவுதான்." அந்த மூன்றும் நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு லடாக்கில், 5,359 மீட்டர் உயரத்திலுள்ள கர்துங் லா கணவாய்க்குக் கீழே, உறைந்த வளைவொன்றில் எனக்குக் கைகொடுக்கும் என்று அன்று நினைக்கவில்லை.

குளிர்நாடுகளில் வண்டி ஓட்டத் திட்டமிடும் நண்பர்கள் பலரும் முதலில் கேட்பது டயரையும் உடுப்பையும் பற்றித்தான். அவை வேண்டியவையே, ஆனால் உரிமப் பயிற்சியில் எதைக் கொண்டுபோக வேண்டும், எதை மறந்துவிட வேண்டும் என்பதை முன்கூட்டியே பிரித்துப் பார்ப்பது அதைவிட முக்கியம் என்பது என் கருத்து.

மறந்துவிட வேண்டியது அவசர நிறுத்தம். பயிற்சித் திடலான சர்க்யூட்டில் இரண்டு பிரேக்குகளையும் சேர்த்து உறுதியாகப் பிடித்துக் குறைந்த தூரத்தில் நிற்கப் பழகுகிறோம். அதற்குக் காய்ந்த தார்ச்சாலையின் பிடிமானம் வேண்டும். அங்கே உராய்வுக் கெழு ஏறத்தாழ 0.7, பனிக்கட்டியில் அது 0.1 அளவுக்கு இறங்கிவிடும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தால் காய்ந்த சாலையில் சுமார் 9 மீட்டரில் நிற்கும் வண்டி, பனிக்கட்டியில் 60 மீட்டருக்கு மேல் ஓடும். அதாவது நம் ஈரடுக்குப் பேருந்துகள் ஐந்தை வரிசையாக நிறுத்திய நீளம், அதுவும் வண்டி சாயாமல் நின்றால். முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் கீழே விழ ஒரு நொடிகூட ஆகாது. ஏபிஎஸ் சக்கரம் பூட்டுவதைத் தடுக்குமே தவிர, இல்லாத பிடிமானத்தை உண்டாக்காது.

அந்த வளைவில் நடந்ததைச் சொல்கிறேன். மலையின் நிழல் விழுந்த பகுதி அது. லாரிகள் ஓடிய இரு தடங்களிலும் பனி அழுந்திக் கண்ணாடிபோல் மினுங்கியது. ஓரத்தில் மட்டும் மிதிபடாத பனி சொரசொரப்பாகக் கிடந்தது. தடம்தான் பாதுகாப்பு என்று நம்பி அதில் இறங்கினேன். இரண்டாம் கியரில், நடைவேகத்தில், பின்சக்கரம் மெல்ல விலகி, 350 சிசி வண்டி தட்டு நழுவுவதுபோல் ஓசையின்றிப் படுத்தது. (2ஏ உரிமம் எடுத்து 400 சிசி வரை ஓட்டத் தகுதி பெற்ற பெருமையும் அதனுடனேயே படுத்தது.) அடிபடவில்லை. தூக்கி நிறுத்திய பிறகு ஓரத்துப் பனியில் ஏறி, பார்வையை வளைவின் முடிவில் இருந்த பாறையில் வைத்து, கிளட்ச்சைப் பாதியில் பிடித்து, பின் பிரேக்கைத் தொட்டும் தொடாமலும், இரு கால்களையும் தரையை ஒட்டித் தாழ்த்திக்கொண்டு கடந்தேன். பலகையில் செய்த அதே வேலை, கால்களைத் தவிர.

எட்டு வடிவப் பயிற்சியை மட்டும் தலைகீழாக்க வேண்டியிருந்தது. சர்க்யூட்டில் உடலை நிமிர்த்தி வண்டியைச் சாய்க்கிறோம். பனிக்கட்டியில் வண்டி நிமிர்ந்தே இருக்க வேண்டும், உடல்தான் வளைவின் உட்பக்கம் நகர வேண்டும். வேகத்தை வளைவுக்கு முன்பே, ஆக்சிலரேட்டரை மெதுவாக விட்டுக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

சிங்கப்பூரில் பனி இல்லை, மழை உண்டு. மின்னல் எச்சரிக்கை இல்லாத தூறலில் வகுப்பைத் தள்ளிப்போடாதீர்கள். சாலைப் பணியிடங்களில் போட்டிருக்கும் இரும்புத் தகடு, மழை தொடங்கிய முதல் சில நிமிடங்களில் எண்ணெயோடு கலந்த ஈரம், வெள்ளைக் கோடுகளின் பூச்சு ஆகிய மூன்றும்தான் இங்கே நமக்குக் கிடைக்கும் பனிக்கட்டி. அவற்றைக் கடக்கும்போது பிரேக்கும் பிடிக்காமல், வேகமும் கூட்டாமல், நேராகச் செல்லப் பழகுங்கள். தடித்த குளிர்க் கையுறையை வாங்கியதும் இங்கேயே அணிந்து கிளட்ச்சைப் பழகிவிடுங்கள். விரலின் உணர்வு பாதியாகிவிடும் என்பது லடாக்கின் லே நகரில் தெரியவருவதைவிட, சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் சிரிக்கும்போது தெரியவருவது மேல்.

நேரத்தைக் கணக்கிடுவதும் ஒரு திறன். பனிக்கட்டி மிகவும் வழுக்குவது கடுங்குளிரில் அல்ல, உருகுநிலையை ஒட்டி அதன்மேல் நீர்ப்படலம் இருக்கும்போதுதான். பகலில் உருகிச் சாலையில் ஓடிய நீர் மாலையில் மறுபடி உறைந்து, தாரின் கறுப்போடு கலந்து கண்ணுக்குப் படாமல் கிடக்கும். காற்று கீழேயும் படுவதால் பாலங்கள் முதலில் உறையும். திரும்பும் வழியில் பிற்பகல் மூன்று மணிக்கு நாங்கள் கணவாய்க்கு அப்பாலுள்ள டிஸ்கிட் என்ற ஊரில் இருந்தோம். இருட்டுவதற்குள் கணவாயைக் கடந்துவிடலாம் என்று உடன்வந்தவர் சொன்னார். நான் சாவியைப் பைக்குள் போட்டுவிட்டு, அறையை இன்னோர் இரவுக்கு நீட்டிக்கச் சொல்லிவிட்டேன்.