கலிம்பாவும் கேசட் இரைச்சலும்

லோ-ஃபை (இரைச்சலும் கரடும் கலந்த பழைய பதிவு போன்ற ஒலி) வேண்டும் என்று பலர் சுத்தமாகப் பதிந்துவிட்டு, பிறகு மென்பொருளில் இரைச்சலைத் தூவுகிறார்கள். கட்டைவிரல்களால் உலோகத் தகடுகளை மீட்டும் கலிம்பாவுக்கு அது தேவையே இல்லை. அதன் மூதாதையான ஜிம்பாப்வே எம்பிராவில் சோடா மூடிகளையோ சிப்பிகளையோ வேண்டுமென்றே பொருத்தி அதிரவிடுவார்கள். அந்த 'ஜ்ர்ர்' ஒலி இல்லாவிட்டால் இசையே மொட்டையாகிவிடும்.

17 தகடு கலிம்பா பெரும்பாலும் சி மேஜரில் வரும். சுருதி ஏற வேண்டுமா? தகட்டைச் சுத்தியலால் உள்பக்கம் மெல்லத் தட்டுங்கள். அதிரும் நீளம் குறையும், சுருதி ஏறும். ஓரத்துக் குட்டைத் தகடுகளுக்கு ஒரு மயிரிழை நகர்வே அதிகம். ஒன்று மட்டும் கரகரத்தால், அடியில் சிறு காகிதத் துண்டைச் செருகினால் பெரும்பாலும் அடங்கும்.

பின்பலகையில் பியசோ (அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் சிறு வில்லை) ஒட்டிப் பதிவது எனக்குப் பிடித்த வழி. ஆனால் அதைச் சாதாரண லைன்-இன்னில் செருகினால் அடிநாதம் காணாமல் போய் தகர ஒலிதான் மிஞ்சும். 1 மெகா ஓம் அளவிலான மின்தடை கொண்ட கிட்டார் உள்ளீடு வேண்டும்.

அடுத்து கேசட். நாடா நொடிக்கு 4.76 செ.மீ. ஓடும், 24 செ.மீ. வெட்டி ஒட்டினால் சுமார் 5 நொடி லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் வளையம். ஒட்டுவதற்கு, நாடா ஒட்டவென்றே வரும் ஸ்ப்ளைசிங் டேப் மட்டுமே. கடையில் வாங்கும் செலோ டேப்பின் பசை கசிந்து நாடாவைப் படிக்கும் ஹெட்டில் அப்பிக்கொள்ளும், பிறகு மேல்சுருதிகள் மங்கிவிடும். அப்படி ஆனால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள்.