கரண்ட் வந்ததும் கீழ் ரவுட்டருக்கு ஓடிவிடும் மாடி கேமரா

வீட்டில் இரண்டு வைஃபை பெட்டிகள். ஒன்று கீழே ஹாலில், டிவிக்குப் பக்கத்தில், ஃபைபர் இணைப்பு கொடுக்க வந்தவர்கள் மாட்டிவிட்டுப் போனது. மற்றொன்று மாடியில், கேபிள் இழுத்து வைத்த, 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசையிலும் ஓடும் சாதாரண டூயல் பேண்ட் ரவுட்டர். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. மாடி கேமராவுக்கும் மாடி ரவுட்டருக்கும் இடையில் நாலு மீட்டர்கூட இல்லை, நடுவில் ஒரு மரக்கதவு மட்டும். ஆனாலும் கேமரா ஒட்டிக்கொண்டிருந்தது கீழே இருக்கிற பெட்டியோடு, கான்கிரீட் தளத்தையும் 9 அங்குலச் செங்கல் சுவரையும் தாண்டி. படம் உறைந்து நிற்கும், ஆப்பைத் திறந்தால் ஆஃப்லைன் என்று காட்டும். தண்ணீர் மோட்டார் பக்கத்து ஸ்மார்ட் பிளக்குக்கும் இதே வியாதி.

ரவுட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. எந்தப் பெட்டியோடு சேர்வது, எப்போது விட்டு விலகுவது என்று முடிவெடுப்பது சாதனம்தான். வைஃபை விதிமுறையே அப்படி. ரவுட்டர் யோசனை சொல்லலாம், சேர்க்க மறுக்கலாம், வெளியே தள்ளலாம். "இங்கே வா" என்று இழுக்க முடியாது. ஐபோனை எடுத்துக்கொண்டால், சிக்னல் -70 டிபிஎம்மைவிட (சிக்னல் பலத்தின் அளவு; பூஜ்யத்திலிருந்து விலக விலகப் பலவீனம்) மோசமாகும்வரை அது வேறு பெட்டியைத் தேடுவதே இல்லை. தேடினாலும், டேட்டா ஓடிக்கொண்டிருந்தால் புதியது 8 டெசிபெல்லாவது மேலாக இருக்க வேண்டும், சும்மா இருந்தால் 12. மேக் மடிக்கணினி இன்னும் பொறுமைசாலி, -75 வரை நகராது. இது பழுதல்ல, அதன் குணம். மாடிப்படி ஏறும்போது மொபைல் -68ல் கீழ்ப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தால் அதை விட்டுவிடலாம்.

ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்கிற கேமரா, பிளக், பிரிண்டர் விஷயம் வேறு. மலிவு விலைப் பொருள்கள் பலவற்றில் இருக்கும் மென்பொருள், கரண்ட் வந்ததும் சேனல்களை (அலைவரிசைக்குள் இருக்கும் எண்ணிட்ட பாதைகள்) 1லிருந்து வரிசையாகத் தேடி, தெரிந்த பெயர் கண்ணில் பட்டதும் அங்கேயே சேர்ந்துவிடும். அடுத்த சேனலில் அதைவிடப் பலமானது இருக்கிறதா என்று பார்க்காது. இத்தகைய பொருள்களில் பரவலாக இருக்கும் ஈஎஸ்பி 32 சிப்பில் இதற்கு 'ஃபாஸ்ட் ஸ்கேன்' என்று பெயர். அதாவது, சிறிய சேனல் எண்ணில் இருக்கிற பெட்டிக்குத்தான் முதல் மரியாதை. சேர்ந்த பிறகு இணைப்பு முழுசாக அறும்வரை இடம் மாறாது.

ஆகவே முதல் வேலை, யார் எங்கே ஒட்டியிருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது. ஒரே பெயர் என்பதால் மொபைலைப் பார்த்தால் தெரியாது. இரண்டு பெட்டிகளிலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் சேனலை 'ஆட்டோ'விலிருந்து எடுத்துவிட்டு, மாடிக்கு 1, கீழுக்கு 11 என்று கையால் போட்டுவிட்டால் சேனல் எண்ணே அடையாளமாகிவிடும். அகலம் இரண்டிலும் 20 மெகாஹெர்ட்ஸ். 40 போட்டால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். மாடிக்கு 1 கொடுத்ததற்குக் காரணம் மேலே சொன்ன வரிசைத் தேடல்தான், சாதனங்கள் அதிகம் இருப்பது அங்கே. ஆண்ட்ராய்டில் ஒரு வைஃபை அனலைசர் ஆப் போதும். மேக்கில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு வைஃபை படத்தைத் தொட்டால் சேனல், சிக்னல் எல்லாம் வரும். கேமரா, பிளக்குக்குத் திரை இல்லை. அவற்றை ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் இருக்கும் வயர்லெஸ் கிளையன்ட் பட்டியலில்தான் தேட வேண்டும். இரண்டு பெட்டிகளின் பட்டியலையும் பார்த்து, ஒவ்வொரு சாதனத்தின் மேக் முகவரியையும் (ஆப்பிள் மேக் அல்ல, சாதனத்துக்கே உரிய அடையாள எண்) ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் பிற்பாடு பெரிய உதவி.

இந்தச் சமயத்தில் இன்னொன்றையும் பார்த்துவிட வேண்டும்: மாடி ரவுட்டர் ஆக்சஸ் பாயின்ட் முறையில் (தனி நெட்வொர்க் உருவாக்காமல், கீழ்ப்பெட்டியின் நெட்வொர்க்கையே வைஃபையில் நீட்டும் முறை) ஓடுகிறதா? கீழிருந்து வரும் கேபிள் அதன் வேன் போர்ட்டில் (இன்டர்நெட் வரும் துளை) செருகப்பட்டு, ரவுட்டர் முறையிலேயே ஓடினால் வீட்டுக்குள் இரண்டு தனித்தனி நெட்வொர்க் உருவாகிவிடும். மாடியிலிருக்கிற மொபைலுக்குக் கீழே இருக்கிற பிரிண்டர் தெரியாது. "தப்பான பெட்டியில் சேர்ந்துவிட்டது" என்று புலம்புவதில் பாதி இதுதான். அமைப்பில் ஆக்சஸ் பாயின்ட் முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. இல்லையென்றால் அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி (கீழ்ப்பெட்டி 192.168.1.1 என்றால்), டிஹெச்சிபியை (சாதனங்களுக்கு நெட்வொர்க் முகவரி கொடுக்கும் வேலை) அணைத்து, கேபிளை லேன் போர்ட்டில் (வீட்டுச் சாதனங்களுக்கான துளை) செருகினால் அதே பலன். முகவரியை மாற்றாமல் டிஹெச்சிபியை மட்டும் அணைத்தால், இரண்டுக்கும் ஒரே முகவரி இருக்கும் பட்சத்தில் அவை மோதி, எதற்குள்ளும் நுழைய முடியாமல் போகும்.

அடுத்து ஒலிபரப்பு சக்தி. பலரும் செய்வது இரண்டையும் உச்சத்தில் வைப்பது. அதுதான் கேடு. கீழ்ப்பெட்டி போடுகிற சத்தம் மாடி வரை கேட்கிறது, ஆனால் கேமராவின் சின்ன ஆண்டெனா சொல்கிற பதில் கீழே எட்டவில்லை. சிக்னல் கம்பி முழுசாகக் காட்டும், படம் ஓடாது. கீழ்ப்பெட்டியின் 2.4 கிகாஹெர்ட்ஸ் சக்தியை மட்டும் குறைக்க வேண்டும். சதவீதக் கணக்கில் ஏமாறக்கூடாது: 100லிருந்து 50க்கு இறக்கினால் குறைவது வெறும் 3 டெசிபெல், சாதனத்துக்கு அது உறைக்கவே உறைக்காது. 25க்கு இறக்கினால்தான் 6. அதே தூரத்தில் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் எப்படியும் சுமார் 7 டெசிபெல் பலவீனமாகத்தான் போய்ச் சேரும். எனவே 2.4ஐ 6 குறைத்தால் மொபைல்களும் தானாக 5 பக்கம் சாய்கின்றன. இன்னொரு பக்கம், மாடி ரவுட்டர் இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் வீண். முதலில் அதை வெளியே எடுத்துக் கண் உயரத்தில் மாட்ட வேண்டும்.

சக்தியைக் குறைத்த பிறகும் கேமரா தானாக இடம் மாறாது. பத்து விநாடி கரண்டைப் பிடுங்கிச் செருகினால்தான் புதிதாகத் தேடும். இதை மறந்துவிட்டு, "ஒன்றும் பலிக்கவில்லை" என்று அடுத்த அமைப்பில் கை வைப்பது வழக்கமான தவறு.

அடுத்த வழி கீழ்ப்பெட்டியின் வாசலை அடைப்பது. யூனிஃபை, ஓமாடா போன்ற ஆக்சஸ் பாயின்ட் என்றால் சாதனத்தின் பக்கத்திலேயே 'லாக் டு ஏபி' (இந்த ஆக்சஸ் பாயின்ட்டோடு மட்டும் சேர்) என்று ஒரு வசதி இருக்கும், ஒரு தட்டில் முடிந்தது. குறைந்தபட்ச சிக்னல் அளவு வைத்து வெளியேற்றும் வசதியும் உண்டு; -75ஐவிட இறுக்கிப் பிடித்தால், போக வேறு இடமில்லாத சாதனங்கள் சேர்வதும் துரத்தப்படுவதுமாகச் சுழலும். ஃபைபர் பெட்டியில் இதெல்லாம் கிடைக்காது, மேக் முகவரியை வைத்துத் தடுக்கும் மேக் ஃபில்டர் மட்டும்தான். கேமராவின் முகவரியைக் கீழ்ப்பெட்டியில் தடைப் பட்டியலில் போட்டால் அது மாடிக்குப் போயே தீர வேண்டும்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. பல ஃபைபர் பெட்டிகளில் மேக் ஃபில்டர் இரண்டு இடத்தில் இருக்கும். வயர்லெஸ் பிரிவில் இருப்பது வைஃபையில் சேர்வதைத் தடுக்கும். செக்யூரிட்டி பிரிவில் இருப்பது அந்தச் சாதனத்துக்கு இன்டர்நெட்டையே நிறுத்திவிடும். இரண்டாவதில் போட்டால், கேமரா மாடி ரவுட்டரில் ஒழுங்காகச் சேர்ந்தபிறகும் ஆஃப்லைன்தான். மொபைலுக்கு மேக் ஃபில்டர் போடுவதாக இருந்தால், ஐஓஎஸ் 14 முதலும் ஆண்ட்ராய்டு 10 முதலும் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் ஒரு போலி முகவரியைக் காட்டுவதையும் கணக்கில் வைக்க வேண்டும். அமைப்பில் 'அபவுட்' பக்கத்தில் இருக்கும் எண்ணைப் போட்டால் பிடிக்காது; அந்த வைஃபையின் விவரப் பக்கத்தில் இருப்பதைத்தான் போட வேண்டும்.

தடுப்புப் பட்டியல் வேலை செய்யும், ஆனால் புதுப் பொருள் வாங்கும்போதெல்லாம் அதைத் திறக்க வேண்டும். நீடித்து நின்றது இதைவிட எளிமையானது: உட்கார்ந்திருப்பவற்றுக்குத் தனிப் பெயர். மாடி ரவுட்டரின் 2.4க்கு மட்டும் வேறொரு பெயர் வைத்து, கேமராவையும் பிளக்கையும் அதில் சேர்த்தாயிற்று. அந்தப் பெயர் கீழே ஒலிபரப்பாகவே இல்லை, தப்பாகப் போக வழியே கிடையாது. மொபைல், மடிக்கணினி எல்லாம் பழைய பொதுப்பெயரில், மாடியில் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும். தொல்லை என்னவென்றால், இந்தச் சாதனங்களை ஒருமுறை ரீசெட் செய்து ஆப்பில் புதிதாகச் சேர்க்க வேண்டும். பெயரில் இடைவெளியோ சிறப்புக் குறிகளோ இல்லாமல், ஆங்கில எழுத்தும் எண்ணுமாக இருந்தால் பழைய சிப்புகள் மல்லுக்கட்டாது. கெஸ்ட் நெட்வொர்க்கை இதற்குப் பயன்படுத்தினால், உள்நெட்வொர்க் அணுகலை அனுமதிக்கும் தேர்வை இயக்க வேண்டும்.

இவ்வளவு செய்யாமல் விடுகிறவர்களுக்கு, கரண்ட் விஷயத்தையாவது சொல்ல வேண்டும். கீழ்ப்பெட்டி இன்வெர்ட்டர் லைனில் இருந்தது, மாடி ரவுட்டர் இல்லை. கரண்ட் போய் வரும்போது பிளக் சில விநாடிகளில் எழுந்துவிடும். மாடி ரவுட்டர் எழ ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் காற்றில் இருக்கும் ஒரே பெயர் கீழ்ப்பெட்டியுடையது. சரிசெய்தது திரும்பத் திரும்பக் கெட்டதற்குக் காரணம் இதுதான். மாடி ரவுட்டருக்கும் ஒரு மினி யூபிஎஸ் வைத்தால் தீரும். வாங்குவதற்கு முன் அடாப்டரைப் புரட்டிப் பார்க்க வேண்டும்: 12 வோல்ட் கேட்பவை உண்டு, 9 வோல்ட் கேட்பவையும் உண்டு. 9 வோல்ட் ரவுட்டரில் 12ஐச் செருகினால் போர்டு புகையலாம். முள்ளும் 5.5க்கு 2.1 மில்லிமீட்டர், 2.5 மில்லிமீட்டர் என்று இருவகை.

மிச்சம் விண்டோஸ் மடிக்கணினி. டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டின் அட்வான்ஸ்டு பக்கத்தில், இன்டெல் கார்டு என்றால், 'ரோமிங் அக்ரெசிவ்னஸ்' என்று ஐந்து படிகள் உண்டு. வழக்கமாக நடுவில் இருக்கும். நான்காவதில் வைத்தால் கீழ்ப்பெட்டியைச் சீக்கிரம் விட்டுவிடும். ஐந்தாவதில் வைத்தால் மாடிப்படிக்கு அருகே உட்காரும்போது இரண்டுக்கும் நடுவில் ஊசலாடிக்கொண்டே இருக்கும். 802.11 ஆர் என்கிற, ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு வேகமாக மாறும் வசதி, வெவ்வேறு கம்பெனிப் பெட்டிகள் இருக்கிற வீட்டில் எதற்கும் உதவாது. பெட்டிகள் தங்களுக்குள் சாவியைப் பகிர்ந்துகொண்டால்தான் அது நடக்கும். அதை இயக்கியதும் பழைய பிரிண்டர் சேர மறுத்தால் முதலில் அணைக்க வேண்டியதும் அதுவே. அணைத்தும் சேரவில்லையென்றால், வைஃபை பாதுகாப்பை டபிள்யூபிஏ3 கலப்பு முறையிலிருந்து பழைய டபிள்யூபிஏ2க்கு இறக்கிப் பார்க்கலாம்.